இன்சர்ட் பில்லில் ஒளிந்திருக்கும் ஸ்பிண்டில்

இன்சர்ட் என்பது உலோகம் வெட்டும் கட்டரில் மாட்டிக் கழற்றும் முனைத் துண்டு, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்தது. அதன் பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு குட்டி அட்டவணை இருக்கும். நீலம் ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியத்துக்கு. பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இன்னொரு வரி இருக்கும். நிக்கல் கலவை, டைட்டானியம் வகையறா எல்லாம் அதில் அடக்கம். நீல வரியில் வெட்டும் வேகம் (முனை உலோகத்தின் மீது ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று தாராளமாக வெட்டச் சொல்கிற அதே கம்பெனி, இந்த வரிக்கு வந்ததும் 30, 40 என்று கையைச் சுருக்கிக்கொள்ளும். பட்டறைகளில் நடக்கும் பாதி வாக்குவாதம் அந்த 30-க்கும் 40-க்கும் நடுவில்தான்.

நான் கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் புரோகிராமும் செட்டிங்கும் பார்ப்பவன். பம்பும் வால்வும் செய்கிற ஊர் என்பதால் எங்களிடம் வருவதில் பெரும்பகுதி 316, டூப்ளெக்ஸ், 17-4 பிஎச் என்ற ஸ்டெயின்லெஸ் ரகங்கள். எண்ணெய், எரிவாயுப் பக்கம் ஆர்டர் ஓடும் காலத்தில் இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையும் வரும். அது வந்த அன்று பட்டறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வயதான ஃபோர்மேன் அண்ணன், "மெல்ல ஓட்டு தம்பி, மெஷின் நம்ம சொத்து" என்பார். முதலாளிக்கு அது பிடிக்காது. "வாடகையும் ஈஎம்ஐயும் மெல்லவா ஓடுதுங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு பீஸ் முடிய ஆகும் சைக்கிள் டைமைப் பார்க்கப் போய்விடுவார்.

இரண்டு பேருமே ஒரே நம்பிக்கையில் நின்றுதான் சண்டை போடுகிறார்கள். வேகத்தைக் கூட்டினால் மெஷின் தேயும், குறைத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கை. கெட்டி உலோகத்தில் அது பெரும்பாலும் தப்பு. வெட்டும் வேகம் தின்பது கருவியின் முனையை. மெஷினைத் தின்பது விசையும் அதிர்வும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டால் புரியும். மேற்பரப்பைத் தட்டையாக வெட்டும் 63 மி.மீ. விட்ட ஃபேஸ் மில் கட்டரை நிமிடத்துக்கு 35 மீட்டர் வேகத்தில் 718 மீது ஓட்டுகிறோம் என்று வையுங்கள். கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் 177 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 177 சுற்று) சுற்றும். ஸ்பிண்டிலின் உச்சமோ 10,000. பத்தாயிரம் போகக்கூடிய ஒன்றை 177-ல் உருட்டிக்கொண்டு, 220 ஆக்கினால் பேரிங் போய்விடுமோ என்று பயப்படுவதில் அர்த்தமே இல்லை. பேரிங்குக்கு அந்த வித்தியாசம் தெரியக்கூடத் தெரியாது. இன்சர்ட்டுக்கு நன்றாகத் தெரியும்.

சொல்லப்போனால் 177 என்பதுதான் பேரிங்குக்குச் சங்கடமான எண். குண்டுக்கும் பாதைக்கும் நடுவே கிரீஸ் படலம் உருவாவதே சுழற்சியால்தான். சுற்று குறையக் குறையப் படலம் மெலியும். மெலிந்த படலத்தின் மேல் கனமான வெட்டு விசையும் ஏறினால் உலோகம் உலோகத்தைத் தொட ஆரம்பிக்கும். அதோடு சின்ன விஎம்சி-களில் (கம்ப்யூட்டரில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்களில்) கீழ் ஆர்பிஎம்-ல் சக்தியும் கிடைக்காது. 11 கிலோவாட் மோட்டார் என்று பெருமையாகப் பலகையில் எழுதியிருக்கும். அது 1,500 ஆர்பிஎம்-ல்தான் முழுச் சக்தியை எட்டும் என்றால், அங்கே முறுக்கு விசை சுமார் 70 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் முறுக்கு அதே 70-தான், அதற்கு மேல் ஏறாது. 177-ல் கையில் இருப்பது 1.3 கிலோவாட். மீதி கரண்ட் பில்லுக்குப் பேர் சொல்லிக்கொள்ள மட்டும்.

சரி, முனையின் கணக்கு. இதை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஃபிரெடரிக் டெய்லர். ஸ்டாப் வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளந்த அதே டெய்லர். அந்தப் பெயருக்காக அவரைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள், திட்டட்டும். ஆனால் உலோகம் வெட்டுவதில் 26 ஆண்டு சோதனை செய்து, 1906 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் படித்த அறிக்கைதான் இன்றைக்கும் நம் இன்சர்ட் பெட்டி அட்டவணைக்கு முப்பாட்டன். 30,000-க்கு மேற்பட்ட சோதனைகள். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 360 டன் இரும்பை வெறும் சிப்ஸாக ஆக்கியிருக்கிறார். நடுவில் பெத்லஹேம் ஸ்டீலில் மான்செல் ஒயிட்டோடு சேர்ந்து, சூட்டிலும் கூர் மங்காத ஹைஸ்பீடு ஸ்டீலைச் சூடுபடுத்தும் முறையைக் கண்டுபிடித்ததும் இவர்தான். 1900 பாரிஸ் கண்காட்சியில் கருவி முனை சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டினார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது: வேகத்தை, ஆயுளின் ஒரு குறிப்பிட்ட படியால் (அடுக்கால்) பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும். அந்தப் படி ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 0.125 பக்கம், கார்பைடுக்கு 0.25 பக்கம். கேட்பதற்குச் சாதுவாக இருக்கும். பெருக்கிப் பார்த்தால்தான் அதன் கொடூரம் தெரியும். கார்பைடில் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 20 சதவீதம் கூட்டினால் பாதி. ஒன்றரை மடங்காக்கினால் ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஃபீடை (கட்டர் உலோகத்துக்குள் முன்னேறும் அளவை) கூட்டினாலும் ஆயுள் குறையும்தான், ஆனால் இவ்வளவு வேகமாக இல்லை. அதனால்தான் பழைய ஆட்கள் முதலில் டெப்த் (வெட்டு ஆழம்), அடுத்து ஃபீட், கடைசியில் ஸ்பீடு என்ற வரிசையில் கை வைப்பார்கள்.

இதிலிருந்து லாபகரமான ஆயுள் எது என்பதற்கும் ஒரு சூத்திரம் வந்தது. கார்பைடுக்கு அது ரொம்ப எளிது. இன்சர்ட் மாற்றும் நேரத்தையும், இன்சர்ட் விலைக்கு ஈடான மெஷின் நேரத்தையும் கூட்டி மூன்றால் பெருக்கவேண்டும். மணி ரேட் 900 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு 15. நாலு முனை இன்சர்ட் 600 ரூபாய் என்றால் ஒரு முனை 150, அதாவது 10 நிமிடம். மாற்ற 2 நிமிடம். கூட்டினால் 12, மூன்றால் பெருக்கினால் 36. ஆக முனை 36 நிமிடம் நிற்கிற மாதிரி வேகம் வைப்பது செலவுக்கு நல்லது. லேத்துக்கு இது அழகாகப் பொருந்தும்.

மில்லிங்கில் அதே சூத்திரம் கொஞ்சம் வேடிக்கை காட்டும். ஐந்து இன்சர்ட் கட்டரில் ஐந்தையும் ஒன்றாகத்தான் திருப்புவோம். 750 ரூபாய், அதாவது 50 நிமிடம். திருப்ப 5 நிமிடம். 55-ஐ மூன்றால் பெருக்கினால் 165 நிமிடம். 718-ல் இன்சர்ட் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றது என்று யாராவது சொன்னால் பாகத்தை ஒருமுறை மெட்டீரியல் டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாருங்கள், வேறு ஏதாவது இருக்கும். அவ்வளவு ஆயுள் வேண்டுமென்று வேகத்தை இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முனை வெட்டாது, உலோகம் முனையில் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு போகும். அங்கே டெய்லர் கணக்கு செல்லாது. ஆகவே சூத்திரம் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று காட்டும். எங்கே நிற்க வேண்டும் என்பதை உலோகம்தான் சொல்லும்.

718 என்பது ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் என்பவர் இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனிக்காக உருவாக்கி 1962-ல் காப்புரிமை பெற்ற கலவை. பாதிக்கு மேல் நிக்கல், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குரோமியம், வலுவுக்கு நியோபியம். சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரை வலு குறையக் கூடாது என்பதற்காகவே செய்தது. டர்பைனின் சூட்டிலேயே இளகாததை நம் கட்டர் முனைச் சூட்டில் இளகச் சொன்னால் இளகுமா? சாதாரண ஸ்டீல் வெட்டும்போது சூட்டில் பெரும்பகுதி சிப்ஸோடு போய்விடும். 718-க்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண ஸ்டீலில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவுதான். சூடு முனையிலேயே தங்கிவிடும். டைட்டானியம் கிரேடு 5 இன்னும் மோசம்.

சூட்டைவிடப் பெரிய தொல்லை, வெட்ட வெட்டக் கெட்டியாவது. கட்டரின் போன பல் விட்டுச்சென்ற மேற்பரப்பு அடியில் இருப்பதைவிடக் கடினமாக இருக்கும், அடுத்த பல் அதற்குள் புகவேண்டும். இன்சர்ட்டைக் கழற்றி லென்ஸில் பார்த்தால் நுனி நன்றாகவே இருக்கும். நுனிக்குக் கொஞ்சம் மேலே, டெப்த் எங்கே முடிந்ததோ சரியாக அந்தக் கோட்டில், எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு விழுந்திருக்கும். அந்தக் கெட்டித் தோல் உரசிய இடம் அது. வட்ட இன்சர்ட்டோ, சாய்கோணம் அதிகமுள்ள கட்டரோ போட்டால் அந்த உரசல் ஒரே புள்ளியில் விழாமல் பரவும். ஒவ்வொரு பாஸிலும் (கட்டர் ஒருமுறை ஓடும் ஓட்டத்திலும்) டெப்த்தை மாற்றுவதும் உதவும். 1.5 மி.மீ., அடுத்து 1.2, அடுத்து 1.7 என்று. புரோகிராமில் இரண்டு நிமிட வேலை. ஏனோ பலரும் செய்வதில்லை.

இங்கே பயந்துபோய் ஃபீடைக் குறைப்பவர்கள் நிறைய. ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழை 60 சதவீதத்துக்கு இறக்கிவிட்டுக் கை கட்டி நிற்பார்கள். பல் ஒன்றுக்கு 0.03 மி.மீ. என்று இறங்கினால் முனையின் உருண்டைக்குள்ளேயே அந்த அளவு அடங்கிப்போகும். பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்த இடம் இன்னும் கெட்டியாகும். அடுத்த பல் இன்னும் அதிக விசையோடு தள்ளும். கருவியைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியம் கருவிக்கும் ஆகாது, ஸ்பிண்டிலுக்கும் ஆகாது.

இனி மெஷினின் கணக்கு. பேரிங் ஆயுளுக்கு லுண்ட்பெர்க், பாம்கிரென் என்ற இரு ஸ்வீடன் நாட்டவர்கள் 1947-ல் வெளியிட்ட கணக்குதான் இன்றைக்கும் அடிப்படை. சுமை இரட்டிப்பானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகும். சுமை பாதியானால் எட்டு மடங்காகும். சுற்று இரட்டிப்பானால் மணிக்கணக்கில் ஆயுள் பாதிதான் குறையும். டெய்லர் கணக்கில் வேகம் நாலாம் படியில் கடிக்கிறது, இங்கே விசை மூன்றாம் படியில் கடிக்கிறது. கருவிக்கு வேகம் எமன் என்றால் மெஷினுக்கு விசை எமன். கேட்லாக் சுமை சீரானது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மில்லிங்கில் சுமை எப்போதும் சீராக இருக்காது. 177 ஆர்பிஎம்-ல் ஐந்து பல் என்றால் நிமிடத்துக்கு 885 அடி, ஒவ்வொன்றும் தனித்தனி அடி. பக்கத்தில் நின்றால் காதுக்கு முன்னால் பாதத்துக்குக் கேட்கும்.

ஒரு வேலையை எடுத்துச் சொல்கிறேன். 718-ல் ஆழமான ஒரு பாக்கெட், அதாவது பள்ளம். 16 மி.மீ. சாலிட் கார்பைடு எண்ட்மில் (பக்கத்திலும் அடியிலும் வெட்டும் கட்டர்). வழக்கமான வழி, முழு அகலத்துக்கும் ஸ்லாட் போட்டு இறங்குவது. நிமிடத்துக்கு 30 மீட்டர், அதாவது 597 ஆர்பிஎம், நாலு பல், பல்லுக்கு 0.04, டெப்த் 4 மி.மீ. நிமிடத்துக்கு 6 கன செ.மீ. உலோகம் வரும். கட்டரின் அரை வட்டமும் எப்போதும் உலோகத்துக்குள். பாக்கெட்டின் மூலைக்கு வந்தால் ஒரு அலறல். ஸ்பிண்டிலின் சுமையைக் காட்டும் லோடு மீட்டர் ஒருமுறை துள்ளி இறங்கும். அந்தத் துள்ளலில்தான் பல்லும் உடையும், ஸ்பிண்டிலும் அடி வாங்கும்.

இன்னொரு வழி, வட்ட வட்டமாகச் சுழன்று போகும் ட்ரோகாய்டல் பாதை. அகலத்தில் 1.6 மி.மீ. மட்டும், கட்டர் விட்டத்தில் பத்து சதவீதம். ஆனால் டெப்த் 16 மி.மீ. அந்தப் பத்து சதவீதத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் 37 டிகிரி மட்டும் உலோகத்துக்குள் இருக்கும், மிச்சம் 323 டிகிரி கூலன்ட்டில் (குளிர்விக்கும் திரவத்தில்) நனைந்து ஆறும். அதனால் வேகத்தை 60 மீட்டருக்கு ஏற்றலாம். சிப்ஸ் மெலிந்துபோகும் என்பதால் பல்லுக்கு 0.08 கொடுத்தாலும் உண்மையான தடிமன் 0.05-ஐத் தொடாது. ஐந்து பல் கட்டர், 1,194 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 478 மி.மீ. உலோகம் 12 கன செ.மீ. இரண்டு மடங்கு.

ஃபோர்மேன் அண்ணன் இதைப் பார்த்ததும், "இப்படி ஓட்டினா ஸ்பிண்டில் என்னத்துக்கு ஆகும்?" என்றார். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சக்தி இரட்டிப்பு, சுற்றும் இரட்டிப்பு, எனவே ஸ்பிண்டில் தாங்கும் முறுக்கு விசை கிட்டத்தட்ட பழையதேதான். நேரம் பாதி. ஆக ஒரு பீஸ் முடியும்போது ஸ்பிண்டில் சுற்றியிருக்கும் மொத்தச் சுற்றும் பழையதேதான். மூலைத் துள்ளல் மட்டும் இல்லை. பற்கள் முறுக்கிச் சாய்ந்திருக்கும் ஹெலிக்ஸ் கோணத்தில் ஒரு பல் வெளியேறும்போதே அடுத்தது பக்கவாட்டில் நுழைந்துவிடும், அடி அடியாக விழாமல் ஓரளவு ஒரே இழுப்பாக இருக்கும். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஹெட் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "சரி, அதிரல" என்றார். காகிதத்தைவிட அந்தக் கையை நான் நம்புவேன்.

ஆனால் அவருடைய சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு, அது ஸ்பிண்டிலில் இல்லை, வேறிடத்தில். ட்ரோகாய்டல் பாதையில் எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டும் விநாடிக்கு விநாடி திரும்பிக்கொண்டே இருக்கும். பழைய முறையில் ஒரு பாஸுக்கு இரண்டு முறை திரும்பிய, டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ, இப்போது ஒரே பாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் முன்னும் பின்னும். அதுவும் ஒரே சின்ன இடத்தில். நம் பட்டறைகளில் பாகத்தைப் பிடிக்கும் வைஸ் எப்போதும் டேபிள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும், வாங்கிய நாளிலிருந்து அசைந்திருக்காது. ஆக ஸ்க்ரூவின் நடுவில் ஒரு சாண் மட்டும் தேயும், இரண்டு ஓரமும் புத்தம் புதிதாக இருக்கும். பேக்லாஷ் (ஸ்க்ரூவின் தளர்வு) காம்பென்சேஷன் போட்டுச் சரிசெய்யப் பார்த்தால் நடுவுக்குச் சரியாகும், ஓரத்தில் இறுகும்.

இது தெரிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு துண்டில் பெரிய போர் ஒன்றை வட்டமாகச் சுற்றி ஃபினிஷ் செய்யுங்கள். துடைத்துவிட்டு விரல் நகத்தால் உள்சுவரைச் சுற்றி வருடுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நகம் லேசாக மாட்டினால், அங்கேதான் ஒவ்வொரு அச்சும் திசை திரும்பியிருக்கிறது, ஸ்க்ரூ விளையாட ஆரம்பித்துவிட்டது. எங்களிடம் இப்போது வைஸுக்கு டேபிளில் மூன்று இடம் குறித்து வைத்திருக்கிறோம். மாதா மாதம் இடம் மாறும். லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்ப் ஓடுகிறதா என்பதோடு நிற்காமல், டேபிள் ஓடும் தண்டவாளமான ஒவ்வொரு எல்எம் கைடுக்கும் எண்ணெய் உண்மையில் வந்து சேர்கிறதா என்றும் பார்ப்போம். ஒரு குழாய் அடைத்தால் மற்றவை வழியாக எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும், பம்ப் எந்த அலாரமும் கொடுக்காது.

ஸ்பிண்டில் தேய்மானம் வேறு விதமாக முகம் காட்டும். டூல் ஹோல்டரைக் கழற்றி, ஸ்பிண்டிலுக்குள் பொருந்தும் அதன் கூம்புப் பகுதியான டேப்பரைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரிய முனைப் பக்கம் துருவின் நிறத்தில், ஆனால் துரு அல்லாத ஒரு செம்பழுப்புக் கறை வளையம் வளையமாக இருந்தால், வெட்டும்போது ஹோல்டர் ஸ்பிண்டிலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கியிருக்கிறது என்று பொருள். ஹோல்டரைப் பிடிக்கும் கம்பியான டிராபாரை இழுத்துப் பிடிக்கும் வட்டு ஸ்ப்ரிங்குகள் தளர்ந்திருக்கலாம், ஹோல்டர் தலையிலுள்ள புல் ஸ்டட் தேய்ந்திருக்கலாம், அல்லது பிடி40 (BT40) என்ற அளவு டேப்பருக்குத் தாங்காத வேலையைக் கொடுத்திருக்கலாம். கறையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுபவர்கள்தான் அதிகம். இழுவிசையை அளக்கும் கேஜ் வாடகைக்குக் கிடைக்கிறது.

ஓவர்ஹாங் பற்றியும் ஒரு வார்த்தை. கருவி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தின் மூன்றாம் படியில் அது வளையும். விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீட்டியதை நாலு மடங்காக உள்ளே தள்ளினால் ஏறக்குறைய இரு மடங்கு விறைப்பு. கருவியைப் பிடிக்கும் ஒரு கோலெட் நட்டைத் தளர்த்தி இறுக்குகிற வேலை, பைசா செலவில்லை. சாட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) வந்தால் எல்லோரும் முதலில் ஆர்பிஎம்-ஐத்தான் குறைக்கிறார்கள். நான் முதலில் ஸ்பேனரை எடுப்பேன்.

இப்போது காசு. முதலாளி கேட்டதற்காக ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்பிண்டிலை எடுத்துப் பேரிங் மாற்றி, அரைத்து, திரும்ப மாட்ட மூன்று லட்சம் என்று வைத்தோம். மெஷின் 12 நாள் நின்றால் இரண்டு ஷிஃப்ட் கணக்கில் இன்னும் ஒன்றே முக்கால் லட்சம் போச்சு. மொத்தம் நாலே முக்கால் லட்சம். ஸ்பிண்டில் 12,000 மணி நேரம் நின்றால் மணிக்கு 40 ரூபாய். அடித்து ஓட்டி 6,000 மணியில் போனால் மணிக்கு 80 ரூபாய். வித்தியாசம் 40 ரூபாய். அதே 718 வேலையில் ஐந்து முனை திருப்பினால் 750 ரூபாய், அரை மணிக்கு ஒருமுறை. முதலாளி சிரித்தார். "அப்போ மெஷினை அடிச்சு ஓட்டறதுதானுங்க லாபம்?"

காகிதப்படி ஆமாம். ஆனால் அந்தக் கணக்கு ஸ்பிண்டில் 5,999-ஆவது மணி வரை புதிது மாதிரி ஓடி, 6,000-ல் பட்டென்று நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறது. ஸ்பிண்டில் அப்படிச் சாவதில்லை. முதலில் ரன்அவுட் வரும், அதாவது கருவி நடு அச்சில் சுற்றாமல் ஆடும். 0.02 மி.மீ. ரன்அவுட் என்பது டயல் கேஜில் ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். பல்லுக்கு 0.08 கொடுக்கிற கட்டரில் ஒரு பல் 0.10 வெட்டுகிறது என்று அதற்கு அர்த்தம், கால் பங்கு கூடுதல். அந்தப் பல் முதலில் மழுங்கும், மழுங்கியதன் பாரம் அடுத்த பல்லுக்குப் போகும், கட்டரின் ஆயுளே அந்த ஒரு பல்லின் ஆயுள்தான். 0.04 ஆனால் ஒன்றரை மடங்கு. அதாவது ஸ்பிண்டில் தேய்வதற்கான பில் ஸ்பிண்டில் சர்வீஸ்காரரிடமிருந்து வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே இன்சர்ட் சப்ளையரிடமிருந்து வர ஆரம்பித்துவிடும். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக. யாரும் அதை ஸ்பிண்டில் கணக்கில் எழுதுவதில்லை. "இந்த லாட் இன்சர்ட் சரியில்லை" என்று சப்ளையர் பையனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவன் புது கிரேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவான்.

இதன் மறுபக்கமும் உண்டு. இன்சர்ட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மழுங்கிய முனையை இன்னும் நாலு பீஸ், இன்னும் ரெண்டு பீஸ் என்று ஓட்டுவது. பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மி.மீ. என்பது சர்வதேசத் தரத்திலேயே முனை முடிந்ததற்கான அளவு. 718-ல் நான் 0.2-லேயே திருப்பச் சொல்வேன். மழுங்கிய முனைக்கு அதே உலோகத்தை வெட்டக் கூடுதல் விசை வேண்டும், அந்தக் கூடுதல் முழுவதும் ஸ்பிண்டில் வழியாகத்தான் போகும், அதுவும் மூன்றாம் படியில் கடிக்கும் கணக்கில். ஆபரேட்டர் பையன்கள் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. லோடு மீட்டரைச் சொல்லிக் கொடுத்தோம். புது முனையில் 22 காட்டினால் 30-ல் நிறுத்து. இப்போது, "அண்ணா, 30 தாண்டுதுங்க, திருப்பட்டுங்களா?" என்று அவர்களே கேட்கிறார்கள். திருப்பியதும் மீட்டர் 22-க்கு இறங்குவதை அவர்கள் கண்ணால் பார்ப்பதால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கூலன்ட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் விடமுடியாது. ஸ்டீலில் கார்பைடு மில்லிங் செய்யும்போது கூலன்ட் இல்லாமல் காற்று மட்டும் அடிப்பது பல நேரம் நல்லது, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் முனையில் சீப்புப் பல் மாதிரி விரிசல் விடும். 718-க்கும் டைட்டானியத்துக்கும் கூலன்ட் வேண்டும், நிறையவும் வேண்டும், நின்று நின்று வரக் கூடாது. கோவையில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு, டேங்கில் மட்டும் உப்பு போர்வெல் தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். கூலன்ட் திரிந்துபோகும், டேங்கின் மேலே அழுக்கு நுரை மிதக்கும், டேபிள் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் படியும், துரு பிடிக்கும். ஆர்ஓ தண்ணீர் ஒரு கேன் விலையைப் பார்ப்பவர்கள் எல்எம் கைடு விலையைப் பார்ப்பதில்லை. தண்ணீரில் கூலன்ட் எவ்வளவு என்று காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் கெட்டி உலோகத்துக்கு 8-லிருந்து 10 சதவீதம் வரை வைத்துக்கொள்கிறோம்.

செராமிக் கட்டர் என்று ஒன்று இருக்கிறது, 718-ல் நிமிடத்துக்கு 500 மீட்டருக்கு மேல், கூலன்ட் இல்லாமல். சிப்ஸ் செக்கச்செவேலென்று தீப்பொறியாகப் பறக்கும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் செராமிக்குக்கு அதிர்வு ஆகவே ஆகாது. ஹெட் கனமாக, கவர் முழுதாக மூடிய, ஸ்பிண்டில் இறுக்கமாக உள்ள மெஷின் வேண்டும். எங்களிடம் இருக்கும் எல்எம் கைடு விஎம்சி-யில் நான் அதை ஏற்றமாட்டேன். டெமோ காட்ட வருபவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஓரத்தில் ஒரு பழைய எச்எம்டி எஃப்என்2 மில்லிங் மெஷினும் நிற்கிறது. கியர் ஹெட், வார்ப்பிரும்பு உடம்பு. 100, 150 ஆர்பிஎம்-ல் முறுக்கு விசை வேண்டுமென்றால் பளபளக்கும் விஎம்சி-யைவிட அது மேல். டூப்ளெக்ஸ் பிளாக்குகளில் மேல்தோலை எடுப்பது, ஓரம் சதுரப்படுத்துவது மாதிரி முரட்டு வேலையை அதில் முடித்துவிட்டு, பாக்கெட்டும் ஃபினிஷும் மட்டும் விஎம்சி-க்கு அனுப்புகிறோம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். விஎம்சி-யில் எப்போதும் கிளைம்ப் மில்லிங்தான், பல் தடிமனாக நுழைந்து மெல்லியதாக வெளியேறட்டும், கெட்டித் தோலைத் தேய்க்காது. எஃப்என்2-வின் பழைய ஸ்க்ரூவில் ப்ளே (தளர்வு) இருப்பதால் கிளைம்ப்பில் கட்டர் டேபிளையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதில் எதிர்த்திசையில்தான் வெட்டவேண்டும், இன்சர்ட் கொஞ்சம் சீக்கிரம் போகும், போகட்டும்.

கொட்டேஷன் போடும்போது இப்போது 718-க்கும் டைட்டானியத்துக்கும் தனி மணி ரேட். 316-ன் ரேட்டைவிட அதிகம். பர்ச்சேஸ்காரர்கள் உடனே கேட்பார்கள், "மெஷின் அதேதானே, ஆள் அதேதானே, ரேட் மட்டும் எப்படி மாறும்?" இன்சர்ட் செலவைத் தனி வரியாகக் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள், மெஷின் தேய்மானம் என்று தனி வரி போட்டால் அடித்துவிடுகிறார்கள். அதனால் முதலாளி அந்த வரியை எடுத்துவிட்டு, இன்சர்ட் வரியில் ஒரு முனைக்குப் போட்டிருந்த ஆயுளை 30 நிமிடத்திலிருந்து 22 நிமிடமாகக் குறைத்துப் போட்டார். தொகை கிட்டத்தட்ட அதேதான் வந்தது, ஆர்டரும் வந்தது.